ஒரே பட்டியல், இருவேறு வாழ்வு: திருச்சி மாவட்டப் பழங்குடியினரிடையே களப்பணி

திருச்சிராப்பள்ளி மாவட்ட மக்கள்தொகையில் பழங்குடியினர் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஆயினும் அவர்களிடையே நடைபெறும் களப்பணி எங்கே பலன் தருகிறது, எங்கே தடுமாறுகிறது என்பதை ஒப்பிட்டு நோக்க இம்மாவட்டம் பொருத்தமான இடமாகும். களப்பணி என்பது இங்கு அரசுத் துறைகளும் தொண்டு நிறுவனங்களும் சமூகத்தவரே தொடங்கிய அமைப்புகளும் மக்கள் நடுவிலிருந்து செய்யும் கல்வி, குழு அமைப்பு, சான்றிதழ் பெற்றுத் தருதல், உரிமைக் கோரிக்கை ஆகிய பணிகளைக் குறிக்கும். வடக்கே துறையூரை ஒட்டிய பச்சைமலையில் தமிழ் பேசும் வேளாண் சமூகமான மலையாளிப் பழங்குடியினர் நிலத்தோடு பிணைந்து வாழ்கின்றனர்; கிழக்கே தஞ்சாவூர்ச் சாலையில் துவாக்குடியை அடுத்த தேவராயநேரியில் குடியிருப்பு கொண்டுள்ள நரிக்குறவர், திருவிழாத் தலங்கள்தோறும் சென்று பாசிமணி விற்றுப் பிழைக்கின்றனர்.

இவ்விரு சமூகங்களும் சட்டத்தின் முன் ஒரே வகையினராக ஆனது அண்மையில்தான். மலையாளிகள் பழங்குடியினர் பட்டியலில் நெடுங்காலமாக உள்ளவர்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழகப் பழங்குடியினர் 7,94,697 பேரில் மிகப் பெரிய பிரிவினரும் அவர்களே. நரிக்குறவரைப் பட்டியலில் சேர்க்கலாம் என்று 1965இலேயே லோக்கூர் குழு பரிந்துரைத்திருந்தும், அவர்கள் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பிரிவிலேயே வைக்கப்பட்டிருந்து, 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தின் வழியாகவே தமிழகப் பட்டியலின் 37ஆவது பதிவாக இடம்பெற்றனர். பட்டியல் ஒன்றானாலும் வாழ்முறை ஒன்றாகவில்லை. பழங்குடியினருக்கென வகுக்கப்பட்ட களப்பணிக் கருவிகள் பெரும்பாலும் மலையையும் காட்டையும், ஓரிடத்தில் நிலைகொண்ட வாழ்வையும் மனத்தில் வைத்து உருவானவை என்பதால், பச்சைமலையில் அவை வேரூன்றும் அளவுக்குச் சமவெளியில் வேரூன்றுவதில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மலைப்பகுதியில் களப்பணியின் வலிமை அதன் சட்ட அடித்தளத்தில் இருக்கிறது. பச்சைமலை, ஒருங்கிணைந்த பழங்குடியினர் வளர்ச்சித் திட்டப் பகுதிகளுள் ஒன்று. அங்குள்ள டாப் செங்காட்டுப்பட்டியில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி இயங்குகிறது. இவற்றுக்கும் மேலாக, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் உரிமைக் கோரிக்கையைத் தொடங்கிவைக்கும் அதிகாரத்தை அலுவலரிடம் அன்றிக் கிராம சபையிடம் தந்துள்ளது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து ஒரு குடும்பம் உழுதுவரும் வனநிலத்துக்கு, நான்கு ஹெக்டேர் வரம்புக்குள், உரிமை கோரலாம். அதற்குரிய சான்றாக அரசு ஆவணம் மட்டுமன்றி, கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் போன்ற தடயங்களும், ஊர்ப் பெரியவர்கள் சொல்லி எழுதப்பட்ட வாக்குமூலமும் ஏற்கப்படும். எழுத்தறியாத முதியவர் ஒருவரின் நினைவு சட்டச் சான்றாக மாறும் இவ்விடத்தில்தான் களப்பணியாளரின் பங்கு மெய்யாகவே பயனுள்ளதாகிறது. ஏனெனில் அவர் எதையும் வழங்குபவராக இன்றி, மக்களிடம் ஏற்கெனவே உள்ளதை அலுவலகம் ஏற்கும் வடிவில் எழுதிக் கொடுப்பவராக இருக்கிறார்.

குறைகளும் சிறியவை அல்ல. தமிழகத்தில் உரிமைப் பட்டா வழங்குவதற்கு நீதிமன்ற அனுமதி தேவை என்று 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் இட்ட இடைக்கால ஆணை 2016இல் உச்ச நீதிமன்றத்தால் நீக்கப்படும்வரை, ஏறத்தாழ எட்டாண்டுகள் சட்டம் பெயரளவில் நின்றது. தமிழகத்தில் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைக்கு உட்பட்ட பகுதி எதுவும் இல்லாததால், பழங்குடிக் கிராம சபைகளுக்குத் தனி அதிகாரங்கள் தரும் 1996ஆம் ஆண்டின் பெசா சட்டமும் பச்சைமலைக்குப் பொருந்தாது. மேலும், நில உரிமையில் ஊன்றிய கவனம் சந்தையில் ஊன்றவில்லை. மலையின் முதன்மைப் பயிரான மரவள்ளிக் கிழங்கு கீழே ஆத்தூர், சேலம் வட்டார ஜவ்வரிசி ஆலைகளைச் சார்ந்திருக்கிறது. விலை அங்கேதான் தீர்மானமாகிறது. பட்டா கிடைத்த நிலத்தில் விளைந்த கிழங்குக்கு விலை சொல்லும் வலிமை விவசாயிக்கு இல்லையெனில், அந்த நில உரிமை பாதியளவே ஆகும்.

தேவராயநேரியில் களப்பணியின் வலிமை வேறு வகையானது. நரிக்குறவரின் தாய்மொழியான வாக்ரிபோலி இந்தோ-ஆரிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், அவர்களுடைய குழந்தைக்கு முதல் வகுப்புத் தமிழ்ப் பாடமே அயல்மொழிப் பாடமாகிறது. இதை உணர்ந்து, வெளியார் வரவுக்குக் காத்திராமல், சமூகத்தவரே அங்கு ஒரு கல்வி நல அமைப்பை ஏற்படுத்தி நடத்திவருவது குறிப்பிடத்தக்கது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவர்களுடைய மரபான வேட்டைத் தொழிலை முடக்கிய பிறகு எஞ்சியது மணி வணிகம் ஒன்றே என்ற நிலையில், அடுத்த தலைமுறைக்கு வேறு வழி திறக்க வேண்டும் என்பது வெளியிலிருந்து திணிக்கப்பட்ட இலக்கு அன்று. பெற்றோர் தாமே கேட்பது. அலைந்து திரியும் வாழ்வை அழகியலாக்கி, பள்ளியையும் வீட்டையும் அதன் பகையாகக் காட்டும் விமரிசனம் இங்கு எடுபடாது.

ஆனால் பள்ளியின் ஆண்டுக்கணக்கும் குடும்பத்தின் ஆண்டுக்கணக்கும் ஒத்துப்போவதில்லை. தைப்பூசத்துக்குப் பழனி, சித்திரையில் சமயபுரம், செப்டம்பரில் வேளாங்கண்ணி, மார்கழியில் திருவரங்கம் என்று வருவாய் திருவிழா நாட்காட்டியைப் பின்தொடர்கிறது. குடும்பம் புறப்படும்போது பிள்ளையும் புறப்பட்டால் இடைநிற்றல் நேர்கிறது. மகளிர் சுயஉதவிக் குழுவின் இலக்கணமும் இத்தகையதே: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, தவறாத வருகைப் பதிவு ஆகியவற்றைக் கொண்டே வங்கி குழுவைத் தரம்பிரிக்கிறது என்பதால், விற்பனைக்காக ஊர்விட்டுச் செல்லும் பெண் ஒழுங்கற்ற உறுப்பினராகக் கணக்கில் ஏறுகிறார். அவருடைய தொழிலின் இயல்பே அவருடைய குறையாகப் பதிவாகிறது.

பட்டியல் மாற்றத்தையும் இந்நோக்கில் எடைபோட வேண்டும். மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கான சாதிச் சான்றிதழ் வட்டாட்சியர் அலுவலக அளவிலேயே கிடைத்துவிடும். பழங்குடியினர் சான்றிதழோ கோட்டாட்சியரின் விசாரணைக்குப் பிறகே வழங்கப்படுகிறது. தமிழகத்தில் முன்னதன் இடஒதுக்கீடு பல சாதிகள் பகிர்ந்துகொள்ளும் 20 விழுக்காடு. பின்னது பழங்குடியினர் அனைவருக்குமான 1 விழுக்காடு. மத்திய அரசின் 7.5 விழுக்காடும் பழங்குடியினருக்கான கல்வி உதவிகளும் பெரும் ஆதாயம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை பெரும்பாலும் பள்ளிப் படிப்பைத் தொடர்ந்தவருக்கே எட்டும். மணி கோக்கும் பெண்ணின் இன்றைய வருவாயை அவை தொடுவதில்லை.

திருவரங்கத்தில் அந்த வருவாயின் நிலையை நேரில் காணலாம். இராஜகோபுரத்திலிருந்து ரங்கா ரங்கா கோபுரம் வரையிலான கடைவீதியில், தரையில் விரித்த துணியின் மீது பாசிமாலைகளைப் பரப்பி, குறடால் கம்பியை வளைத்து மணிகளைக் கோத்தபடி பெண்கள் விற்கிறார்கள். வைகுண்ட ஏகாதசி விழாவின் பகல்பத்து, இராப்பத்து நாட்களில் கூட்டம் பெருகும்போது வருவாயும் பெருகும். ஆனால் நெரிசலை ஒழுங்குபடுத்தும் நடவடிக்கையில் முதலில் அகற்றப்படக்கூடியவை தரைக்கடைகளே. 1994 முதல் திருவரங்கம் திருச்சி மாநகராட்சியின் பகுதி என்பதால், 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் இங்கு நேரடியாகப் பொருந்தும். அச்சட்டத்தின்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் உறுப்பினரில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாகவும், அவர்களுள் மூன்றிலொரு பங்கினர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பட்டியல் பழங்குடியினருக்கு உரிய இடமும் தரப்பட வேண்டும். குறைந்தது ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்க வேண்டிய வியாபாரிகள் கணக்கெடுப்பில் பதிவானவருக்கே விற்பனைச் சான்றிதழ் உறுதி என்பதால், கணக்கெடுக்கும் நாளில் வேறு தலத்தில் இருப்பவர் விடுபட்டுப்போவார்.

பச்சைமலையில் வன உரிமைச் சட்டம் எந்த இடத்தை வகிக்கிறதோ, அந்த இடத்தைச் சமவெளி நரிக்குறவருக்கு வகிக்கத்தக்கது தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டமே. பழங்குடி என்ற தகுதி விற்பனைக் குழுவில் இடம் கோரும் உரிமையையும் சேர்த்தே தந்திருக்கும் இந்நிலையில், களப்பணி அந்த உரிமையைக் கையிலெடுக்காமல் வீடு, பள்ளி, சான்றிதழ் என்ற மூன்றோடு நிற்பது அதன் மிகப் பெரிய குறையாகும். இக்குறைக்குப் பழைய வேர் உண்டு. பழங்குடியினர் பொதுச் சமூகத்தில் கரைவதே முன்னேற்றம் என்று கருதிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 107ஆவது உடன்படிக்கையை இந்தியா 1958இல் ஏற்றது. தம் வளர்ச்சியின் திசையை அவர்களே முடிவு செய்வர் என்னும் 1989ஆம் ஆண்டின் 169ஆவது உடன்படிக்கையை இன்றுவரை ஏற்கவில்லை. அப்பழைய பார்வையின் நிழல் களப்பணியிலும் படிந்திருக்கிறது.

ஆகவே செய்யத்தக்கவை தெளிவு. திருவிழாப் பருவங்களில் பிள்ளைகள் தங்கிப் படிக்க இடம் வேண்டும். சுயஉதவிக் குழு விதிகள் பயணத்துக்கு இடங்கொடுக்க வேண்டும். வியாபாரிகள் கணக்கெடுப்பு சமூகம் ஊரில் இருக்கும் நாட்களில் நடக்க வேண்டும். மலையில் நில உரிமையோடு மரவள்ளி விலைக்கான கூட்டுப் பேரமும் சேர வேண்டும். கட்டிய வீடுகளையும் வழங்கிய சான்றிதழ்களையும் எண்ணிக் களப்பணியை மதிப்பிடும் வழக்கம் போதாது. திருச்சி மாநகராட்சியின் விற்பனைக் குழுவில் நரிக்குறவப் பெண் ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டு அமர்ந்து, தம் தெருவில் யார் எங்கே விற்கலாம் என்ற முடிவில் வாக்களிக்கும் நிலையே இப்பணிக்குரிய சரியான அளவுகோல்.