ஒன்றாம் வகுப்பு ஏன் கடைசியில் திறந்தது?

கரோனா காலத்தில் தமிழ்நாட்டுப் பள்ளிகளைத் திறந்த விதம் பற்றிப் பேச்சு எடுத்தால் ஒரு பதில் தயாராக இருக்கிறது. படிப்படியாகத் திறந்தோம், பெரிய பிள்ளைகளை முதலில் வரவழைத்தோம், சின்னஞ்சிறுசுகளைப் பத்திரமாக வீட்டில் வைத்திருந்தோம், விட்டுப்போனதை 'இல்லம் தேடிக் கல்வி' என்ற அரசுத் திட்டம் ஈடுகட்டிவிட்டது. இந்த நான்கில் முதலாவது உண்மை. கடைசி பாதி உண்மை. நடுவில் இருக்கும் இரண்டையும்தான் யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

ஒப்புக்கொள்ள வேண்டியவற்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியது சரி. அன்று யாருக்கும் இந்தக் கிருமியைப் பற்றித் தெரியாது. இரண்டாம் அலையில் மாநிலத்தில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று பதிவானபோது எந்த வகுப்பைத் திறப்பது என்ற கேள்விக்கே இடமில்லை. பெற்றோர் பயந்தார்கள், அதிலும் நியாயம் இருந்தது. 2020 நவம்பர் 16இல் திறப்பதாக இருந்த திட்டம் பெற்றோரிடம் கருத்துக் கேட்ட பிறகுதான் கைவிடப்பட்டது. சத்துணவுக்குப் பதிலாக உலர் உணவுப் பொருள்கள் வீட்டுக்குப் போயின. மூடியதில் குறை சொல்ல அதிகம் இல்லை. குறை திறந்த வரிசையில் இருக்கிறது.

அந்த வரிசை இது. 2021 ஜனவரி 19இல் பத்தும் பன்னிரண்டும் திறந்தன: வகுப்புக்கு 25 பேர், பெற்றோரின் ஒப்புதல் கடிதம், சத்து மாத்திரை. பிப்ரவரி 8இல் ஒன்பதும் பதினொன்றும் வந்தன. இரண்டாம் அலையில் எல்லாம் மூடி, செப்டம்பர் 1இல் மறுபடி ஒன்பது முதல் பன்னிரண்டு வரை திறந்தார்கள். ஒன்று முதல் எட்டு வரை நவம்பர் 1. எல்.கே.ஜி., யு.கே.ஜி. குழந்தைகளுக்கு 2022 பிப்ரவரி 16. நடுவே ஆட்சி மாறியது, முதல்வர் மாறினார், கல்வி அமைச்சர் மாறினார். வரிசை மட்டும் மாறவில்லை. மேலிருந்து கீழே இறங்கும் இந்தப் படிக்கட்டை இரண்டு கட்சிகளும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டன, ஏனென்றால் அது இரண்டுக்கும் முன்பே நம் மனதில் கட்டப்பட்டிருந்தது. அதைக் கட்டியது பொதுத்தேர்வு.

பத்தும் பன்னிரண்டும் ஏன் முதலில் என்றால் அவர்களுக்குத்தான் பொதுத்தேர்வு என்பார்கள். நோய்த்தொற்று யாருக்குக் குறைவு, யாருக்கு ஆசிரியர் அதிகம் தேவை, எந்த வயதில் விட்டால் பிடிக்க முடியாது என்ற கணக்கு எதுவும் முதலில் வரவில்லை. தேர்வுக் கால அட்டவணை வந்தது. அந்தத் தேர்வாவது நடந்ததா? ஜனவரி 19இல் பத்தாம் வகுப்பு திறந்தது. பிப்ரவரி 25இல், ஐந்தே வாரத்தில், ஒன்பது, பத்து, பதினொன்று மூன்றுக்கும் 'ஆல் பாஸ்' என்று சட்டப்பேரவையில் அறிவிப்பு வந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்து 17 நாள்தான் ஆகியிருந்தது. ஜூன் 5இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் ரத்து. ஆக, எந்தத் தேர்வுக்காக மூத்தவர்களை முன்னால் நிறுத்தினார்களோ அந்தத் தேர்வே இல்லாமல் போயிற்று. அதன் பிறகாவது யோசித்திருக்க வேண்டாமா? செப்டம்பரில் மறுபடி அதே வரிசை.

முகக்கவசம் என்பார்கள். பதினாறு வயதுப் பையன் முகக்கவசம் போட்டுத் தள்ளி உட்காருவான், ஆறு வயதுக் குழந்தை உட்காருமா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்கான பதில் செப்டம்பருக்கு முன்பே கையில் இருந்தது. 2021 ஜூலை 20இல் ஐ.சி.எம்.ஆர். தலைவர் பல்ராம் பார்கவா, பெரியவர்களைவிடச் சின்னக் குழந்தைகள் இந்தக் கிருமியை நன்றாகத் தாங்குகிறார்கள், பள்ளிகளைத் திறப்பதானால் ஆசிரியர்களுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டுத் தொடக்கப் பள்ளிகளை முதலில் திறப்பதே புத்திசாலித்தனம் என்று வெளிப்படையாகச் சொன்னார். அன்று வெளியான நான்காவது ரத்தப் பரிசோதனை ஆய்வு, நாட்டில் 6 முதல் 9 வயதுக் குழந்தைகளில் 57 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏற்கெனவே நோய் எதிர்ப்பொருள்கள் உருவாகிவிட்டதைக் காட்டியது. கிருமி குழந்தைகளைத் தேடி வீட்டுக்கே போய்விட்டது. பள்ளிக்கூடம் மட்டும்தான் போகவில்லை.

டென்மார்க் 2020 ஏப்ரல் 15இலேயே சின்ன வகுப்புகளை முதலில் திறந்தது. பிள்ளைகளை முடிந்த அளவு வெளியே, திறந்த வெளியில் வைத்துக்கொண்டார்கள். ஐரோப்பாவை விடுங்கள், நம் வகுப்பறையில் அவ்வளவு இடமில்லை என்பார்கள். சரி, பக்கத்து வீட்டுக்குப் போவோம். பஞ்சாப் 2021 ஆகஸ்ட் 2இல் எல்லா வகுப்புகளையும் ஒன்றாகத் திறந்தது. நவம்பர் 1இல் திறந்த கேரளம் முதல் நாளிலேயே ஒன்று முதல் ஏழு வரை உள்ள பிள்ளைகளைப் பத்து, பன்னிரண்டோடு சேர்த்து வரவழைத்துவிட்டு, எட்டு, ஒன்பதைப் பின்னால் வைத்தது. அங்கேயும் பொதுத்தேர்வு உண்டு, அங்கேயும் பெற்றோர் பயந்தவர்கள்தான். வரிசை என்பது இயற்கை விதி அல்ல என்பதற்கு இதைவிட நெருக்கமான சாட்சி வேண்டியதில்லை.

எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்பது என்றால் என்ன என்று இந்த விவாதத்தில் யாரும் கேட்பதில்லை. ஒன்றாம் வகுப்பில் ல, ள, ழ மூன்றும் வரும் நாளை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆசிரியை வாயைத் திறந்து, நாக்கு நுனி எங்கே போய்த் தொடுகிறது என்று காட்டுவார். குழந்தை அந்த வாயையே பார்க்கும். 'பல்' என்று சொல்லச் சொல்வார், பிறகு 'பள்ளி', பிறகு 'பழம்'. முப்பது பேரில் பாதிப் பேர் 'பளம்' என்பார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மறுபடி சொல்லச் சொல்வார். எழுதும்போது இன்னொரு வேலை: இரண்டு சுழி 'ன' போட வேண்டிய இடத்தில் குழந்தை மூன்று சுழி போட்டுவிடும், மூன்றுக்கு இரண்டு போடும். ஆசிரியை பின்னால் வந்து குனிந்து, அந்தச் சின்னக் கையோடு பென்சிலைச் சேர்த்துப் பிடித்து, சுழித்துக் காட்டுவார். கை பழகும் வரை, பத்து நாளோ இருபது நாளோ, இது நடக்கும். தலைமுறை தலைமுறையாக எழுத்து இப்படித்தான் கைமாறி வந்திருக்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலைப் பிடித்து எழுதவைத்ததும் இதே வேலைதான்.

கல்வித் தொலைக்காட்சி இந்த வேலையைச் செய்யாது. அது நன்றாகவே பாடம் நடத்தியது. பத்தாம் வகுப்பு மாணவி குறிப்பெடுத்துக்கொள்ளலாம், பாடப் புத்தகத்தைப் பிரித்துத் தானே படித்துக்கொள்ளலாம், புரியாததைத் தோழியிடம் கேட்கலாம். ஏனென்றால் அவளுக்கு ஏற்கெனவே படிக்கத் தெரியும். ஒன்றாம் வகுப்புக் குழந்தை 'பளம்' என்று சொன்னால் திரையில் இருப்பவர் திரும்பிப் பார்க்க மாட்டார். கைப்பேசி வகுப்புகளோ வீட்டில் இருக்கும் ஒரே கைப்பேசியை அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போகும் வீடுகளைத் தொடவே இல்லை. தொலைவிலிருந்து ஓரளவு படிக்கக்கூடியவர்களுக்குப் பள்ளியை முதலில் திறந்தோம். தொலைவிலிருந்து எதுவுமே கற்க முடியாதவர்களை 19 மாதம் காக்கவைத்தோம்.

'பத்திரமாக வைத்திருந்தோம்' என்ற சொல்லை இந்த இடத்தில் நிறுத்தி விசாரிக்க வேண்டும். 2021 பிப்ரவரி 13 முதல் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிரான இரண்டாவது டெஸ்ட் நடந்தது. பாதி இருக்கைகளுக்குப் பார்வையாளர்கள் அனுமதிக்கப்பட்டார்கள். 15ஆம் தேதி உள்ளூர்ப் பிள்ளை அஸ்வின் சதம் அடித்தபோது அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. ஊருக்கு அந்த மகிழ்ச்சி தேவைப்பட்டது. அதைக் குறை சொல்வது நோக்கமல்ல. அதற்கு முந்தைய மாதம் ஜல்லிக்கட்டு நடந்தது, பொங்கலுக்குத் திரையரங்குகளில் கூட்டம் வந்தது, டாஸ்மாக் கடைகள் 2020 மேயிலேயே திறந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் வாதாட ஆள் இருந்தார்கள்: கிரிக்கெட் வாரியம், திரையரங்கு உரிமையாளர்கள், ஊர்க் கமிட்டிகள், மாநிலத்தின் வருவாய்த் தேவை. ஆறு வயதுக் குழந்தைக்காகப் பேச யாரும் வரவில்லை. அந்தக் குழந்தைகளோ பூட்டிய அறைக்குள் இல்லை. தெருவில் விளையாடினார்கள், சந்தைக்குப் போனார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தார்கள், அம்மாவோடு பேருந்தில் ஏறினார்கள். எங்கும் போன குழந்தை ஒரே ஓர் இடத்துக்கு மட்டும்தான் போகவில்லை.

திறந்த பள்ளிகளிலும் விளையாட்டுக்கு இடமில்லை. 2021 ஜனவரி வழிமுறைகளில் உடற்கல்வி வகுப்புக்கு அனுமதி கிடையாது. காற்றோட்டமில்லாத அறைக்குள் கணக்கு நடத்தலாம், காற்றாடும் மைதானத்தில் ஓடக் கூடாது! கிருமி பரவுவது மூடிய அறையில் அதிகம், திறந்த வெளியில் குறைவு என்பது அதற்குள் நன்றாகவே தெரிந்துவிட்ட செய்தி. நம் கிராமத்துப் பள்ளிகளில் கட்டடம் சின்னதாக இருந்தாலும் ஒரு வேப்ப மரமும் கொஞ்சம் மண் தரையும் இருக்கும். அந்த மரத்தடிதான் தொடக்க வகுப்பு நடத்த மிகவும் பாதுகாப்பான இடம். ஊரடங்கு நாள்களில் தாங்களாகவே கிராமங்களுக்குப் போய் மரத்தடியிலும் கோயில் திண்ணையிலும் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்களுக்கு இது தெரிந்திருந்தது. அரசாணைக்குத் தெரியவில்லை.

கடைசியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கிடைத்த திறப்பு எப்படிப்பட்டது? நவம்பர் 1இல் பள்ளி, 4இல் தீபாவளி, அடுத்த வாரத்தில் சென்னையை மூழ்கடித்த மழை. மழை விடுமுறைகள் அந்த மாதத்தைத் தின்றன. மழை இல்லாத நாள்களிலும் சுழற்சி முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். டிசம்பர் 31இல் ஒமைக்ரான் பயத்தில் ஓர் உத்தரவு வந்தது. அப்போதும் முதலில் மூடப்பட்டது ஒன்று முதல் எட்டு வரைதான்; பத்து முதல் பன்னிரண்டு வரை ஜனவரி நடுப்பகுதி வரை தொடர்ந்தது. திறக்கும்போது கடைசியாக நின்ற பிள்ளைகள் மூடும்போது முதலில் நின்றார்கள். அதே ஜனவரியில் அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் வாடிவாசல் திறந்தது. 16ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு என்பதால் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டை ரத்து செய்யவில்லை, ஒருநாள் தள்ளி 17இல் நடத்தினார்கள். மனம் இருந்தால் வழி பிறக்கும் என்பதைக் காளைகளின் விஷயத்தில் நிர்வாகம் செய்துகாட்டியது.

இனி, ஈடுகட்டிவிட்டோம் என்ற கடைசி வாதம். 2021 அக்டோபரில் மரக்காணம் அருகே தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி நல்ல திட்டம். தன்னார்வலர்கள், பெரும்பாலும் இளம் பெண்கள், மாலையில் வீட்டுத் திண்ணையிலும் தெருமுனையிலும் பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்கள் உழைப்பைக் குறைத்துப் பேசக் கூடாது. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு, இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மீண்டது என்கிறது. இந்த ஒரு வரியை வைத்துத்தான் எல்லாம் சரியாகிவிட்டது என்கிறார்கள். அதே ஆய்வின் அடுத்த வரியையும் படிக்க வேண்டும்: அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 சதவீதமே இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. மீதிக்கு முதன்மையான காரணம், ஆசிரியரும் கரும்பலகையும் பிள்ளைகளுக்குத் திரும்பக் கிடைத்ததைத் தவிர வேறு என்னவாக இருக்க முடியும்? பள்ளி திறந்ததும் பிள்ளைகள் இவ்வளவு வேகமாக எழுந்தார்கள் என்றால், ஆறு மாதம் முன்னால் திறந்திருந்தால் இவ்வளவு விழுந்திருக்கவே மாட்டார்கள். தாமதத்துக்கு ஆதரவாகக் காட்டப்படும் ஆய்வு தாமதத்துக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது.

மீளாத மூன்றில் ஒரு பங்கு எங்கே போயிற்று? 2020இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் சேர்த்த குழந்தை ஒன்றாம் வகுப்பு அறையில் ஒருநாளும் உட்காரவில்லை. முதன்முதலில் பள்ளிக்கு வந்தபோது அது இரண்டாம் வகுப்பு. 2022 இறுதியில், பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் ஏசர் ஆய்வின் கணக்கெடுப்பாளர்கள் கிராமங்களுக்குப் போனபோது அதே பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் இருந்தார்கள். இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் 4.8 சதவீதம். 2018இல் அதே வகுப்பில் இது 10.2 சதவீதம். அன்றும் பெருமைப்பட ஒன்றுமில்லை, ஆனால் அதுவும் பாதிக்கும் கீழே போயிருந்தது. நூற்றில் மற்ற 95 பேரும் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள், புத்தகம் வைத்திருந்தார்கள், வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தது. ஆண்டு முடிந்ததும் அவர்களும் நான்காம் வகுப்புக்குப் போனார்கள்.

இந்தப் பிள்ளைகள் 2030இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுவார்கள். எந்தத் தேர்வின் பெயரால் அவர்களை வரிசையின் கடைசியில் நிறுத்தினோமோ, அதே தேர்வு. அவர்களில் எத்தனை பேர் இன்னும் எழுத்துக் கூட்டித் தடுமாறுகிறார்கள் என்று ஒவ்வொரு பள்ளியிலும் பெயர் வாரியாக உட்கார்ந்து பார்த்து, தேவைப்படுபவருக்கு ஒன்றாம் வகுப்பின் வேலையை இப்போதாவது செய்ய வேண்டும். உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் பதின்வயதுப் பையனின் பக்கத்தில் உட்கார்ந்து 'பழம்' என்று மெதுவாகச் சொல்லச் சொல்ல வேண்டியிருக்கும். பையனுக்குக் கூச்சமாக இருக்கும். மற்றவர்கள் முன்னால் வேண்டாம், வகுப்பு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.