சக்கரங்களின் மேல் ஒரு வீடு: ‘நோமட்லாண்ட்’ குறித்துச் சில எண்ணங்கள்

பழைய பஸ் ஒன்றை வாங்கி, ஆசனங்களைக் கழற்றிவிட்டு, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, மின்கலம், மலசலகூடம் யாவற்றையும் அதனுள்ளே பொருத்தி, அதையே நிரந்தர வீடாகக் கொண்டு ஊர் ஊராகச் செல்வது மேல்நாடுகளில் ஒரு வாழ்க்கை முறையாகியிருக்கிறது. இதனைச் சுதந்திரத்தின் உச்சம் எனப் போற்றுவோர் நம்மிடையேயும் தோன்றியுள்ளனர். இரும்புக் கூடொன்றைக் குடியிருப்பாக்கும் கைத்திறன் பாராட்டத்தக்கதே. ஆயினும், மனிதன் வீட்டை விட்டு வாகனத்தில் குடியேறுவது ஏன் என்ற கேள்வியைக் கேளாத பாராட்டு அரைகுறையானது. அக்கேள்வியைத் துணிந்து எழுப்பிய நூல் ஒன்றுண்டு. அந்நூலிலிருந்து பிறந்து, அக்கேள்வியைப் பாதி வழியில் கைவிட்ட திரைப்படம் ஒன்றுமுண்டு. இரண்டையும் மன்னார்க் கரையிலிருந்து பார்ப்பதே நமது நோக்கம்.

அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜெசிக்கா புரூடர் எழுதிய ‘நோமட்லாண்ட்’ 2017இல் வெளிவந்தது. 2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்த முதியோர் பலர் பாடசாலைப் பஸ்களிலும் வான்களிலும், சிறு கார்களிலுங்கூடக் குடியேறினர். அவர்களோடு பயணம் செய்து, தாமும் ஒரு வானில் தங்கி, அவர்களின் வாழ்வைப் புரூடர் எழுதினார். கோடையில் முகாம் மைதானங்களைத் துப்புரவு செய்தல், இலையுதிர் காலத்தில் சீனிக்கிழங்கு அறுவடை, நத்தாருக்கு முன் அமேசான் நிறுவனத்தின் களஞ்சியம் என்று வேலை அவர்களை இழுத்துச் செல்கிறது. அறுபதைத் தாண்டிய லிண்டா மே என்ற பெண்ணின் கை, களஞ்சியத்தில் ஓயாது பிடித்த கருவியினால் நோயுறுகிறது. அக்களஞ்சியச் சுவர்களில் வலிமாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. ஓய்வுகால வேதனம் போதாத சமூகத்தில் முதுமை சக்கரம் பூட்டிக்கொண்டு கூலி தேடிப் புறப்படுகிறது என்பதை இந்நூல் ஒளிவுமறைவின்றிக் கூறுகிறது.

குளோயி ஜாவோவின் திரைப்படம் 2020இல் வெளியாகி வெனிஸ் விழாவின் தங்கச் சிங்கத்தை வென்றது. 2021இல் சிறந்த படம், நெறியாள்கை, நடிகை ஆகிய ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. ஃபேர்ன் என்ற கற்பனைப் பாத்திரத்தைப் பிரான்சிஸ் மக்டோர்மண்ட் ஏற்க, லிண்டா மே உள்ளிட்ட உண்மையான வாகனவாசிகள் தாமாகவே தோன்றுகின்றனர். இப்படத்தின் சிறப்புகள் அற்பமானவையல்ல. இறந்த கணவனின் மீன்பிடிப் பெட்டியைக் கொண்டு வானுக்குள் மடித்து விரிக்கும் பலகை அமைத்துக்கொள்கிறாள் ஃபேர்ன். தந்தை சேர்த்துத் தந்த தட்டுகளைப் பொன்போல் காக்கிறாள். வாளி ஒன்றே அவளுக்கு மலசலகூடம். உழைக்கும் பெண்ணின் அன்றாடத்தை இத்துணை மரியாதையோடு காட்டிய கமெரா அரிது.

எனினும், குறையைக் கூறாது விடுவது விமரிசனமாகாது. அமேசானின் அனுமதியுடன் அதன் களஞ்சியத்திலேயே படம்பிடித்தவர்கள், அங்கே நோகும் கையைக் காட்டவில்லை. கடன் வாங்கி வீடு கொள்ளுமாறு மக்களைத் தூண்டும் காணி வியாபாரத்தை ஃபேர்ன் ஓரிடத்தில் கண்டிக்கிறாள். ஆனால் அந்த உரையாடல் விரைவில் திசைமாறுகிறது. வாகனவாசிகள் நாட்டின் முன்னோடிக் குடியேறிகளைப் போன்றவர்கள் என்று அவளுடைய சகோதரி போற்றுகிறாள். பறிபோன வாழ்வு மரபுப் பெருமையாக மாறிவிடுகிறது! பின்னர் இரண்டு வீடுகள் அவளுக்குத் திறந்திருந்தும் அவள் மறுத்துப் புறப்படுகிறாள். பொருளாதாரம் தந்த தண்டனை அவளது சுபாவமாகிவிட, பார்வையாளரின் மனச்சாட்சி நிம்மதி அடைகிறது.

முடிவுகளை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். நூலின் இறுதியில் லிண்டா மே அரிசோனாவில் ஐந்து ஏக்கர் தரிசு நிலம் வாங்கித் தன் கையால் வீடு கட்டக் கனவு காண்கிறாள். படத்தின் இறுதியிலோ ஃபேர்ன் மீண்டும் பாதையில் செல்கிறாள். நூல் மண்ணில் முடிகிறது. படம் வீதியில் முடிகிறது. நாம் நூலின் பக்கமே நிற்கிறோம்.

உயர்தர வகுப்பு மாணவருடன் இப்படத்தைப் பார்த்தபோது ஒரு மாணவி கேட்டாள்: “சேர், அந்த மனுஷி முதல் இருந்த வீட்டின் உறுதி யார் பேரில் இருந்தது?” விருதுக் குழுக்கள் கேளாத கேள்வி இது. நெவாடாவின் எம்பயர் ஒரு கம்பனி நகரம். வீடுகள் ஜிப்சம் கம்பனிக்கே உரியவை. 2011 ஜனவரியில் ஆலை மூடப்பட, வீடுகளையும் விட்டுத் தொழிலாளர் வெளியேற நேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும் என்ற இந்நியதி நமக்குப் புதிதன்று. மன்னார்க் கரையில் இறங்கி மலைநாட்டுக்கு நடந்த மக்களுக்குத் தோட்டத்துரை கொடுத்த லயன் காம்பராவும் இத்தகையதே. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின், அம்மக்களில் எத்தனையோ குடும்பங்கள் தகரப் பெட்டிகளுடன் தலைமன்னார்த் துறையில் கப்பலேறின. தலைமுறைகளாக உழைத்தவர் கையில் ஒரு முழக் காணிக்கும் உறுதி இல்லை.

அம்மாணவி அவ்வாறு கேட்டதற்குக் காரணமுண்டு. நமது வகுப்பில் சிலர் பெருநிலப்பரப்பின் இடப்பெயர்வில் பெற்றோர் மடியில் கிடந்த குழந்தைகள். 2008இல் அடம்பன், விடத்தல்தீவு என யுத்தம் நகர்ந்தபோது மக்கள் கூரைத் தகரத்தையும் கதவு நிலைகளையும் கழற்றி உழவியந்திரப் பெட்டியில் ஏற்றினர். மேலே தறப்பாள் கட்டினால் அதுவே வீடு. பெட்டியின் அடியே படுக்கை. கிளிநொச்சி கடந்து கிழக்கே ஒவ்வோர் ஊராக நகர, முதலில் கதவு விடுபட்டது, பின் தகரம், பின் பானை, இறுதியில் உழவியந்திரமும். எரிபொருளின்றி நின்ற அந்த வீட்டை எவரும் சுதந்திரம் என்று அழைக்கவில்லை. அதற்கும் முன்னர், 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வெளியேற்றிய மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்களுக்கு அத்தகைய வாகனமும் வாய்க்கவில்லை. வள்ளங்களில் கற்பிட்டிக் கரை சேர்ந்தனர். ஒன்றை எழுதி மற்றதை மறைக்கும் பேனா மக்கள் பேனாவாகாது.

“ஊர்சுற்றுவோர் எல்லோரும் அகதிகளா? மனிதனுக்கு நகரும் உரிமை இல்லையா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நமது கரையிலேயே விடையுமுண்டு. பருவந்தோறும் மீன் பாடு தேடிச் செல்லும் மீனவர் கடலோரத்தில் வாடி அமைத்துத் தங்குகின்றனர். கிடுகும் கம்பும் கொண்ட அந்த வாடியை அவர்கள் தாழ்வாக எண்ணுவதில்லை. பருவம் மாறினால் திரும்பிச் செல்ல அவர்களுக்கு ஊரும் வீடும் உள்ளன. திரும்ப இடமுள்ளவன் செல்வதே பயணம். இடமற்றவன் செல்வது ஓட்டம். பஸ்ஸை வீடாக்கும் செல்வந்தனையும் வானில் உறங்கும் களஞ்சியத் தொழிலாளியையும் ஒரே பெயரால் அழைக்கும் கலை இவ்வேற்றுமையை அழித்துவிடுகிறது.

எனவே, உழவியந்திரப் பெட்டியில் குடும்பம் நடத்திய தாயின் கதையை எழுதப் புகும் நமது இளம் எழுத்தாளருக்கு ஒன்று கூறுவோம். தறப்பாளுக்குள் அவள் அடுப்பு மூட்டிய சாமர்த்தியத்தை எழுதுங்கள்; அது அவளுக்குரிய பெருமை. அதனோடு நின்றுவிடாதீர்கள். முள்ளிக்குளத்து மக்கள் 2007இல் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அவ்வூர் கடற்படை முகாமாயிற்று. 2017இல் அவர்கள் வெயிலில் அமர்ந்து போராடிய பின்னரே ஒரு பகுதி காணியை விடுவிக்க இணக்கம் கிடைத்தது. அவர்கள் கேட்டது சக்கரம் பூட்டிய வீட்டையன்று. தம் கிணற்றையும் தென்னையையும் உடைய மண்ணை. உறுதி யார் பேரில் என்று அம்மாணவி கேட்ட கேள்வி நமது கதைகளிலும் ஒலிக்க வேண்டும்.