சிற்றிலும் சிறுவரும்: தமிழ்க் கவிதையிற் குழந்தைக்குரிய மதிப்பு

தமிழிலக்கியம் குழந்தையைக் கொண்டாடிய இலக்கியம் என்பது பலரும் வழிமொழியும் கூற்றாகும். ஆயின், கொண்டாடுதல் வேறு, மதித்தல் வேறு. கொண்டாட்டம் காண்போரின் மகிழ்ச்சியை அளவுகோலாகக் கொள்வது. மதிப்போ, குழந்தையின் சொல்லுக்கும் செயலுக்கும் தம்மளவிற் பொருளுண்டு என ஏற்பது. இவ்வேறுபாட்டை மனங்கொண்டு நோக்கின், நமது கவிதை மரபின் நிறைவும் குறைவும் ஒருங்கே புலப்படும்.

பாண்டியன் அறிவுடைநம்பியின் புறநானூற்றுப் பாடல் (188) சோற்றைத் தொட்டும் துழந்தும் மெய்யிற் பூசியும் உண்ணும் குழந்தையைக் காட்டுகின்றது. கையாலும் வாயாலும் உலகை அறிய முற்படும் பருவம் அது. அச்சிதறலைக் குற்றமெனக் கொள்ளாத புலவனின் பார்வை போற்றற்குரியது. எனினும், அப்பாடலின் முடிபு, மக்கட்பேறு இல்லாதார் வாழ்நாள் பயனற்றது என்பதாகும். குழந்தையின் பெறுமதி பெற்றோரின் இன்பத்தைக் கொண்டே அளக்கப்படுகின்றது.

பிள்ளைத்தமிழ் மரபு இன்னும் நுணுகிய அவதானிப்பை உடையது. தலையெடுத்து அசையும் செங்கீரையை ஐந்தாம் மாதத்துக்கும், கைகொட்டும் சப்பாணியை ஒன்பதாம் மாதத்துக்கும் உரியதாகக் கொள்வது வழக்கு. இன்றைய குழந்தை மருத்துவம் கூறும் வளர்ச்சிப் படிகளுடன் இவை பெரிதும் ஒத்துச்செல்கின்றன. ஆயின், இப்பருவங்களின் வினைமுற்றுகள் நோக்கற்பாலன: ஆடுக, கொட்டுக, முத்தம் தருக, வருக. யாவும் ஏவல்களே. குழந்தை ஏவப்படுகின்றதேயன்றி மறுமொழி கூறுவதில்லை. தெய்வத்தையும் மன்னனையும் புகழ எழுந்த இலக்கியத்திடம் குழந்தை உளவியலை எதிர்பார்த்தல் முறையன்று என்பர். அது உண்மையே. எனினும், ஏவும் குரலொன்றே குழந்தைக்குரிய கவிதைக் குரலாக நிலைபெற்றமைக்கு இம்மரபும் ஒரு காரணம் எனலாம்.

இதற்கு விலக்காக அமைவது ஆண்பாற் பிள்ளைத்தமிழின் சிற்றிற் பருவம். மணலில் வீடு கட்டிய சிறுமியர், தமது சிற்றிலைச் சிதைக்க வேண்டாமெனப் பாட்டுடைத் தலைவனை இரந்து நிற்கின்றனர். இங்கு முதன்முறையாகச் சிறுவர் பேசுகின்றனர். அதுவும் தமது ஆக்கத்தைக் காக்குமாறு பேசுகின்றனர். பெரியோர்க்கு மணற்குவியலாகத் தோன்றுவது அவர்க்கு உழைப்பின் பயன். விளையாட்டே குழந்தையின் தொழில் என்னும் உண்மை இப்பருவத்திற் பொதிந்துள்ளது.

இவ்வுண்மையை ஈழத்திற் கவிதையாக விரித்தவர் நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953). அவரது ஆடிப்பிறப்புப் பாடலிற் பேசுவது சிறுவன். கேட்போர் அவனது தோழர். விடுமுறையின் மகிழ்ச்சியோடு, கூழும் கொழுக்கட்டையும் ஆக்கப்படும் முறையையும் அவன் வரிசையாக விவரிக்கின்றான். அடுக்களையை ஊன்றிக் கவனித்த ஒரு பிள்ளையின் அறிவு அது. கத்தரித் தோட்டத்து வெருளியைக் காவற்காரனாக விளித்துப் பேசும் பாடலிலும் சிறுவர்க்கே உரிய வியப்பும் குறும்பும் உள்ளன. அறிவுரை அங்கு முன்வந்து நிற்பதில்லை.

புலவருக்குப் பின்வந்த சிறுவர் பாடல்களிற் பல, மீண்டும் ஏவலுக்கே திரும்பின. அதிகாலை எழு, பல் துலக்கு, பெரியோர் சொற்கேள் என்பன தீயவை அல்ல. ஆனால், கேட்டலையே கற்ற குழந்தை வினவுதலை எப்போது கற்கும்? மழலைக்கு மறுமொழி கூறுவதும், குழந்தை சுட்டியதை உடன்நோக்கிப் பெயர் சொல்வதும் மொழி வளர்ச்சிக்கு உரமாவன. இரு தரப்பும் பேசும்போதே மொழி பிறக்கின்றது.

ஐக்கிய நாடுகள் சபை 1989இல் நிறைவேற்றிய சிறுவர் உரிமைச் சமவாயம், குழந்தை தன் கருத்தை வெளியிடும் உரிமையையும் விளையாடும் உரிமையையும் ஏற்றது. இலங்கை 1991இல் அதனை ஏற்புறுதி செய்தது. சட்டம் ஏற்றதைக் கவிதையும் வகுப்பறையும் ஏற்றல் வேண்டும். சிறுவர்க்கு எழுதப்படும் ஒவ்வொரு பாடலையும் ஒரு வினாவால் அளக்கலாம்: இதிற் குழந்தை பேசுகின்றதா, ஏவப்படுகின்றதா? சிற்றிலைச் சிதைக்கக் காலே வேண்டுமென்பதில்லை. செவிகொடாமையும் அதனைச் சிதைக்கும்.