ஸ்கோபஸ் காணாத அறிஞர்கள்

ஆண்டுதோறும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நம் கல்லூரி வாசல்களில் ஃபிளக்ஸ் பலகைகள் முளைத்துவிடுகின்றன. ‘ஸ்டான்ஃபோர்டு பட்டியலில் எங்கள் பேராசிரியர்’, ‘உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகளில் ஒருவர்’. நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் படத்தோடு செய்தியும் வருகிறது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் அயனிடிஸ் குழுவினர் 2019இல் வெளியிடத் தொடங்கிய இந்தப் பட்டியல், எல்சேவியர் நிறுவனத்தின் மேற்கோள் தரவுத்தளமான ஸ்கோபஸின் தரவுகளைக் கொண்டு கணக்கிடப்படுவது. கல்லூரிக்கு விளம்பரம் வேண்டும், போட்டுக்கொள்ளட்டும். ஆனால் அந்தப் பலகையின் தர்க்கம் கலைக்களஞ்சிய விவாதங்களுக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது. விக்கிப்பீடியாவில் ஓர் அறிஞரைப் பற்றிய கட்டுரை இருக்கலாமா, நீக்கலாமா என்று பேச்சு எழுந்தால், ‘ஹெச்-இண்டெக்ஸ்’, அதாவது மேற்கோள்களை எண்ணிப் போடும் மதிப்பெண், எவ்வளவு என்ற கேள்விதான் முந்திக்கொண்டு வருகிறது.

யாரைப் பற்றிக் கட்டுரை இருக்கலாம் என்பதை முடிவு செய்யும் குறிப்பிடத்தக்கமை விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் மணிவிழா மலர் போட்டுக்கொண்டவர்களும், தாமே ஓர் அமைப்பைத் தொடங்கித் தமக்கே விருது வழங்கிக்கொண்டவர்களும் வரிசையில் நிற்பார்கள். கல்வியாளர்களுக்கென்று ஆங்கில விக்கிப்பீடியா வகுத்திருக்கும் அளவுகோல்களும் மோசமானவை அல்ல. துறையில் தாக்கம், பெரும் பரிசு, தெரிந்தெடுத்தவர்களையே சேர்க்கும் கழகமொன்றின் உறுப்பினர் தகுதி, முக்கியமான ஆய்விதழின் தலைமை ஆசிரியர் பொறுப்பு என்று எட்டு வழிகள் உண்டு. ஒன்று பொருந்தினாலே போதும். இலக்கியம், வரலாறு போன்ற துறைகளில் மேற்கோள் எண்ணிக்கையை எச்சரிக்கையோடு கையாள வேண்டும் என்பதும் அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. சொல்லி என்ன? மற்ற வழிகளுக்கு உட்கார்ந்து படிக்க வேண்டும். எண்ணிக்கைக்குக் கூகுள் ஸ்காலரில் பெயரைத் தட்டினால் போதும். நேரமில்லாத தன்னார்வலர் எதைச் செய்வார் என்பது தெரிந்ததே.

மயிலை சீனி. வேங்கடசாமியை எடுத்துக்கொள்வோம். சென்னையில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பேராசிரியர் இருக்கை கிடையாது, ஆய்வு மாணவர் படை கிடையாது. ‘பௌத்தமும் தமிழும்’, ‘சமணமும் தமிழும்’ ஆகிய நூல்களைத் தொடாமல் தமிழ்நாட்டுச் சமய வரலாற்றில் யாரும் ஓர் அத்தியாயம் எழுதிவிட முடியாது. உரையாசிரியர்கள் போகிறபோக்கில் எடுத்தாண்ட வரிகளைத் தேடித் திரட்டி, தொலைந்த நூல்களுக்கு ஒரு கணக்கு வைத்தது அவருடைய ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’. இவருக்கு ஹெச்-இண்டெக்ஸ் எவ்வளவு? தேடினால் கிடைப்பது கேலிக்கூத்துதான். ஊரும் தந்தை பெயரும் முன்னே நிற்க, இயற்பெயர் கடைசியில் வருகிறது. ஆங்கில எழுத்தில் அதை நாலைந்து விதமாக எழுதலாம். கணினியோ கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, ஆயிரம் வேங்கடசாமிகளில் ஒருவராக இவரையும் கலந்துவிடும். அவரை மேற்கோள் காட்டிய நூல்களில் பெரும்பாலானவை தமிழ்த் தாளில் அச்சானவை. அவற்றின் அடிக்குறிப்புகளை எந்தத் தரவுத்தளமும் படித்ததில்லை.

நா. வானமாமலையின் கதையும் இதுதான். பாளையங்கோட்டையில் டுடோரியல் கல்லூரி நடத்திக்கொண்டு, 1969 முதல் ‘ஆராய்ச்சி’ காலாண்டிதழைக் கொண்டுவந்தவர். கட்டபொம்மன், முத்துப்பட்டன் கதைப்பாடல்களைப் பதிப்பித்தவர். நெல்லையில் அவரைச் சுற்றி உருவான ஆய்வுக் குழுவிலிருந்துதான் தமிழில் நாட்டார் வழக்காற்றியலின் ஒரு பரம்பரையே கிளைத்தது. ‘முக்கியமான ஆய்விதழின் ஆசிரியர்’ என்ற அளவுகோல் இவருக்குக் கச்சிதமாகப் பொருந்த வேண்டும். ஆனால் ‘ஆராய்ச்சி’ முக்கியமான இதழ் என்று எந்தப் பட்டியல் சொல்கிறது?

இன்னொன்றும் உண்டு. தமிழ்ப் புலமையின் பெரும்பகுதி பதிப்பிலும் அகராதியிலும் கல்வெட்டு வாசிப்பிலும் கழிந்திருக்கிறது. பத்து ஏடுகளை ஒப்பிட்டு ஒரு பாடத்தை நிறுவியவர் பெயரை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. அவர் நிறுவிய பாடத்தை எடுத்துக்கொண்டு மூல ஆசிரியரின் பெயரைப் போடுகிறார்கள். உழைப்பு எவ்வளவு முழுமையாகப் பயன்படுகிறதோ அவ்வளவுக்கு உழைத்தவர் பெயர் மறைகிறது. ஹிர்ஷ் 2005இல் இயற்பியலாளர்களை எடுத்துக்காட்டி முன்வைத்த ஹெச்-இண்டெக்ஸ் கணக்கை இவர்கள் மேல் பிரயோகிப்பது, நெல் அளக்கிற மரக்காலை எடுத்துக்கொண்டு கிணற்று ஆழம் பார்க்கப் போவது.

மயிலையாருக்கும் வானமாமலைக்கும் விக்கிப்பீடியாவில் கட்டுரை இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. இருவரும் 1980இலேயே காலமானவர்கள். பிறகு நூல்கள் நாட்டுடைமையாயின, நூற்றாண்டு விழாக்கள் நடந்தன, மலர்கள் வந்தன. என் கேள்வி, இன்று ஏதோ ஒரு தாலுகா ஊரில் ஓய்வூதியத்தைச் செலவழித்துக் கல்வெட்டுப் படி எடுத்துக்கொண்டிருப்பவரைப் பற்றியது. அவரைக் குறித்து ‘நம்பகமான மூன்றாந்தரப்புச் சான்று’ முதன்முதலாக வருவது பெரும்பாலும் இரங்கல் கட்டுரையாகத்தான் இருக்கும். உயிரோடு இருப்பதே தகுதிக் குறைவாகிவிட்ட விதி இது.

இதற்கு வழக்கமாக ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. அது எழுந்த சந்தர்ப்பம் இது: இயற்பியலாளர் டோனா ஸ்டிரிக்லண்டைப் பற்றிய வரைவு 2018 மே மாதம் போதிய சான்று இல்லையென்று விக்கிப்பீடியாவில் நிராகரிக்கப்பட்டது. அக்டோபர் 2ஆம் தேதி அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அவர் 2013இலேயே அமெரிக்காவின் ஒளியியல் கழகத்துக்குத் தலைவராக இருந்தவர். எட்டு வழிகளில் ஒன்று ஏற்கனவே திறந்துதான் கிடந்தது. கண்டனங்கள் எழுந்தபோது, விக்கிமீடியா அறக்கட்டளையை அப்போது நடத்திவந்த காத்தரின் மாஹர், உலகின் பாகுபாட்டை விக்கிப்பீடியா பிரதிபலிக்கிறதே ஒழிய உண்டாக்கவில்லை என்ற பொருளில் பதில் எழுதினார். இன்று தமிழிலும் இதைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள். எந்தத் திசையில் நின்று பார்ப்பது, எதைச் சான்றென்று எண்ணுவது என்பதையெல்லாம் தாமே முடிவு செய்துவிட்டு, நாங்கள் வெறும் கண்ணாடி என்பது நேர்மையான பேச்சல்ல.

நம் முன்னோர் இப்படிக் கைகழுவவில்லை. சைமன் காசிச்செட்டி 1859இல் வெளியிட்ட ‘தமிழ் புளூட்டாக்’, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையின் ‘பாவலர் சரித்திர தீபகம்’ (1886), குமாரசுவாமிப் புலவரின் ‘தமிழ்ப் புலவர் சரித்திரம்’ (1916) மூன்றும் இலங்கையில் உருவான புலவர் வரலாற்று நூல்கள். அவற்றில் கட்டுக்கதைகளும் கலந்துதான் இருக்கின்றன. ஆனால் இவர் புலவர், இவரைப் பதிய வேண்டும் என்று தம் படிப்பை நம்பித் தீர்ப்புச் சொன்னார்கள். மூன்றாந்தரப்புச் சான்றுக்காகக் காத்திருந்தால், ஈழத்துப் புலவர்கள் பலரின் பெயர்கூட நமக்கு வந்து சேர்ந்திருக்காது. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வந்த பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியமும் துறை அறிந்தவர்களின் தீர்ப்பை நம்பி நடந்ததுதான். தீர்ப்புச் சொல்கிறவர் தவறலாம், வேண்டியவரைச் சேர்க்கலாம். எண்ணிக்கை மட்டும் தவறாததா? தன் மாணவர்களின் தேர்வுக் கட்டுரைகளில் தன்னையே மேற்கோள் காட்டவைத்துச் சென்னைப் பல் மருத்துவக் கல்லூரி ஒன்று தரவரிசையில் ஏறியதாகச் சயன்ஸ் இதழில் 2023இல் வந்த செய்தியை மறந்துவிட வேண்டாம்.

தமிழ் விக்கிப்பீடியாவில் உழைக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். தமிழறிஞர் ஒருவரைப் பற்றிய கட்டுரையில் நீக்கல் வார்ப்புரு இடுவதற்கு முன், கூகுள் ஸ்காலரை மூடிவிட்டு, அந்தத் துறையில் அண்மையில் வந்த நாலைந்து தமிழ் நூல்களின் அடிக்குறிப்புகளைப் புரட்டிப் பாருங்கள். அங்கேயும் அவர் பெயர் இல்லையென்றால் தாராளமாக நீக்குங்கள்.