பொதுத்தமிழ் வகுப்பில் ஆய்வெழுத்து: முல்லைப்பாட்டின் இரண்டு உரைகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கல்லூரிப் பொதுத்தமிழ்ப் பாடத்தில் இலக்கியம் படித்தலும் கட்டுரை எழுதுதலும் ஒன்றையொன்று தொடாத இரு பயிற்சிகளாக உள்ளன. ஆய்வெழுத்தோ முனைவர் பட்ட நிலையில் வடிவ விதிகளின் தொகுப்பாக மட்டுமே அறிமுகமாகிறது. பிறர் கொள்கையின் முன் எழுதுபவர் எடுக்கும் நிலைப்பாடே ஆய்வெழுத்தின் அடிப்படை என்றும், அதனை இளநிலை வகுப்பிலேயே பயிற்ற முல்லைப்பாட்டின் இரண்டு உரைகள் போதும் என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: பொதுத்தமிழ், ஆய்வெழுத்து, எழுவகை மதம், முல்லைப்பாட்டு, நச்சினார்க்கினியர், மறைமலையடிகள்

முன்னுரை

தமிழகக் கலை அறிவியல் கல்லூரிகளில் பகுதி 1 எனப்படும் பொதுத்தமிழ், தமிழை மொழிப்பாடமாகத் தேர்ந்த எத்துறை மாணவரும் பயில்வது. செய்யுள், சிறுகதை, இலக்கிய வரலாறு, மொழிப்பயிற்சி என அதன் பாடநூல் பகுக்கப்பட்டிருக்கும். செய்யுள் பகுதியின் வினாக்கள் பெரும்பாலும் தொகுத்துரைக்கவும் நயம் பாராட்டவும் கேட்கின்றன. கட்டுரை வரைதல் மொழிப்பயிற்சியின் கீழ் வேறொரு மூலையில் இருக்கிறது. அதன் தலைப்புகளுக்கும் மாணவர் படித்த செய்யுளுக்கும் தொடர்பு இருப்பதில்லை. ஒரே பாட்டை இரு அறிஞர்கள் முரண்பட்டுப் படித்திருக்கிறார்கள் என்ற செய்தியைக்கூட அறியாமல் ஒரு மாணவர் தம் பொதுத்தமிழ்ப் பருவங்கள் அனைத்தையும் முடித்துவிட இயலும்.

இதே மாணவர் தமிழை முதன்மைப் பாடமாகக் கொண்டு மேலே சென்றால், ஆய்வெழுத்தை எங்கே கற்கிறார்? முன்பு ஆய்வியல் நிறைஞர் பட்டத்தின் சிற்றாய்வேடு ஓர் ஒத்திகைக் களமாக இருந்தது. பல்கலைக்கழக மானியக்குழுவின் 2022ஆம் ஆண்டு நெறிமுறைகள் அப்பட்டத்தை நிறுத்தின. இப்போது எஞ்சியிருப்பது முனைவர் பட்டப் பதிவுக்குப் பின்வரும் பயிற்சித் தாள்கள். அவற்றில் மேற்கோள் குறியீடு, அடிக்குறிப்பு, துணைநூற்பட்டியல், இயல் பகுப்பு ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. இவை தேவையானவை. ஆனால் எதையேனும் சொல்ல இருப்பவருக்கே இவை பயன்படும்.

'அறியமுடிகிறது' என்னும் வினைமுற்று

நம் ஆய்வேடுகளிலும் ஆய்விதழ்க் கட்டுரைகளிலும் மிகுதியாகப் பயிலும் வினைமுற்று எது என்று கேட்டால், தயக்கமின்றி 'அறியமுடிகிறது' என்பேன். 'சங்ககால மக்கள் விருந்தோம்பலில் சிறந்து விளங்கினர் என்பதை இதன்வழி அறியமுடிகிறது' என்று ஒரு பத்தி முடியும். யார் அறிகிறார்? முன்பு அறியப்படாத எது இப்போது அறியப்பட்டது? மாறாகக் கருதியவர் எவரேனும் உண்டா? இக்கேள்விகளுக்கு அத்தொடர் இடமே தருவதில்லை. பாடல் அடி, அதன் பொருளுரை, 'அறியமுடிகிறது' என்ற முத்தாய்ப்பு என்னும் இந்த அமைப்பு, பொதுத்தமிழ்த் தேர்வின் ஐந்து மதிப்பெண் விடையிலிருந்து முனைவர் பட்ட ஆய்வேடு வரை மாறாமல் வருகிறது. அடிக்குறிப்பு கூடியிருக்கும், பக்கம் கூடியிருக்கும். எழுதும் முறை பதினெட்டு வயதில் பழகியதேதான்.

கருத்துத்திருட்டைத் தடுக்க மானியக்குழு 2018இல் வெளியிட்ட ஒழுங்குமுறைகள் ஒப்புமையை விழுக்காட்டால் அளக்கின்றன: 10 விழுக்காடு வரை குற்றமில்லை, 10க்கு மேல் 40 வரை, 40க்கு மேல் 60 வரை, 60க்கு மேல் எனக் குற்றத்தின் படிநிலை உயரும். இது வேண்டிய காப்பே. எனினும், மென்பொருள் காண்பது சொற்களின் ஒப்புமையை. பிறர் கருத்தைத் தன் சொல்லில் மாற்றி எழுதி 'அறியமுடிகிறது' சேர்த்த பக்கம் அச்சோதனையில் எளிதாகத் தேறிவிடும். ஆய்வாளர் ஒப்புமை விழுக்காட்டைக் குறைக்க உழைக்கும் நேரத்தில் பாதியை வேற்றுமையைச் சொல்லச் செலவிட்டால் நம் இதழ்களின் நிறமே மாறும்.

எழுவகை மதம்

பிறர் கருத்தின் முன் எப்படி நிற்பது என்பதற்குத் தமிழில் பெயர்களே உண்டு. நன்னூல் பொதுப்பாயிரம் எழுவகை மதங்களைக் கூறுகிறது. பிறர் கருத்துக்கு உடன்படலாம், மறுக்கலாம், முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களையலாம், தானே ஒன்றை நாட்டி அதனை நிலைநிறுத்தலாம், இருவர் முரணும் இடத்தில் ஒரு பக்கத்தைத் துணியலாம், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டலாம், எவரோடும் சேராது தன் கொள்கையை மேற்கொள்ளலாம். மாணவர்கள் இதனை மனப்பாடம் செய்கிறார்கள். எழு வகையும் பிழையின்றி எழுதுவோருக்கு முழு மதிப்பெண் கிடைக்கிறது. இந்த ஏழில் ஒன்றையேனும் செய்து பார்க்குமாறு கேட்கும் வினாவை நான் கண்டதில்லை.

பழையது அனைத்தும் நம்மிடமே இருந்தது என்னும் பெருமிதத்துக்காக இதைச் சொல்லவில்லை. பவணந்தியார் நூலாசிரியரை மனத்திற் கொண்டு எழுதியவர். மாணவர் கட்டுரை அவர் நோக்கமன்று. மேலும், நம் உரைமரபு இன்றைய ஆய்வு நெறிக்கு அப்படியே பொருந்தாது. சேனாவரையர் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் இளம்பூரணரைத் தொடர்ந்து மறுக்கிறார். 'உரையாசிரியர்' என்றுதான் சுட்டுகிறார். பிற உரைகளில் 'ஒருசாரார்', 'என்பாரும் உளர்' என்ற அளவிலேயே எதிர்க்கருத்து நின்றுவிடுவதும் உண்டு. யார், எந்த நூலில், எந்தப் பக்கத்தில் என்ற கணக்கு அச்சுக் காலத்தின் கொடை. எதிர்கொள்ளும் துணிவை உரைமரபிலிருந்தும், சான்று காட்டும் ஒழுக்கத்தை நவீன ஆய்விலிருந்தும் பெற வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒருங்கே அமைந்த ஒரு நூல் கல்லூரித் தமிழாசிரியர் ஒருவரிடமிருந்தே பிறந்தது.

முல்லைப்பாட்டு வழக்கு

நப்பூதனாரின் முல்லைப்பாட்டு 103 அடிகளைக் கொண்டது. பத்துப்பாட்டுள் மிகச் சிறியது. முதுபெண்டிர் விரிச்சி கேட்கச் செல்வதும், கன்றுகளைத் தேற்றும் ஆய்மகளின் நற்சொல்லும், அதனைச் சொல்லித் தேற்றியும் தலைவி கண்ணீர் உகுப்பதும் முதலில் வருகின்றன. பின் காட்சி பாசறைக்குத் தாவுகிறது. புண்பட்ட யானைகளையும் குதிரைகளையும் நினைந்து வேந்தன் துயில் கொள்ளாதிருக்கிறான். மீண்டும் தலைவி, அதன்பின் கார்காலக் காட்டு வழியே வரும் தேரொலி.

நச்சினார்க்கினியர் இந்த வரிசையை அப்படியே விடவில்லை. தொலைவில் நிற்கும் சொற்களையும் அடிகளையும் பெயர்த்து இணைத்துப் பொருள் கொள்கிறார். முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல், நெய்தலுக்கு இரங்கல் என்ற இலக்கண வரையறை அவருக்குப் பின்னே நிற்கிறது. முல்லைத் தலைவி ஆற்றியிருக்க வேண்டியவள். கண்ணீர் விட்டால் பாட்டின் திணை என்னாவது? இந்த இடரைத் தீர்க்கவே அடிகள் இடம் மாறுகின்றன. மறைமலையடிகள் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்தபோது, 1903இல், முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையை வெளியிட்டார். பாட்டு என்பது யாது என்ற விளக்கத்தோடு அந்நூல் தொடங்குகிறது. புலவர் வைத்த ஒழுங்கிலேயே பொருள் இயல்பாகச் செல்லும்போது அதனைச் சிதைத்துக் கூட்டுவது பாட்டின் நயத்தைக் கெடுக்கும் என்பது அவர் தடை. நச்சினார்க்கினியரின் புலமையை மதித்துக்கொண்டே அவரை மறுக்கிறார் என்பதும் கவனிக்கத்தக்கது. பெயர் சுட்டி, இடம் சுட்டி, காரணம் சொல்லி மறுத்தல் இங்கே நிகழ்கிறது.

இவ்விரண்டையும் அருகருகே வைத்து, இருவர் முரணும் இடத்தில் ஒன்றைத் துணியுமாறு இரண்டு பக்கம் எழுதச் சொன்னால், அது இளநிலை மாணவரின் ஆற்றலுக்கு மீறியதன்று. ஒரு நிபந்தனை மட்டும் வேண்டும்: நச்சினார்க்கினியரே படித்தாலும் 'ஆம், இதுவே என் கருத்து' என்று ஒப்பும்படி அவர் தரப்பை முதலில் எழுத வேண்டும். மறுப்பு அதன் பிறகு. இன்றைய வாசகருக்கு மறைமலையடிகளின் பக்கம் சாய்வது எளிது. அதனாலேயே இந்த நிபந்தனை இன்றியமையாதது.

மூன்றாவது வழியும் திறந்திருக்கிறது. தலைவி தன்னைத்தானே தேற்றிக்கொள்கிறாள், கழலும் வளையைத் திருத்துகிறாள், பெருமூச்செறிகிறாள், அம்பு தைத்த மயில்போல் நடுங்குகிறாள். ஆற்றுதலும் ஆற்றாமையும் அடுத்தடுத்த சொற்களில் இருக்கின்றன. இருத்தல் என்பது கண்ணீரற்ற நிலை என்று நச்சினார்க்கினியர் கொண்டதே ஆய்வுக்குரியது; வளையைத் திருத்தும் அந்தக் கை இருத்தலின் வடிவம் என்று கொண்டால் அடிகளைப் பெயர்க்க வேண்டிய தேவையே எழாது. அப்படிக் கொள்ளும்போது, மறைமலையடிகளின் முடிவை ஏற்க அவர் காட்டும் நயம் என்ற காரணம் மட்டும் போதாது. திணைக் கோட்பாட்டின் உள்ளிருந்தே அதற்கு வேறொரு காரணம் கிடைக்கிறது. இது என் துணிவு. ஒரு மாணவர் இதை மறுத்து எழுதினால் பயிற்சி பயன் தந்தது என்பேன்.

நடைமுறைத் தடைகள்

வணிகவியலோ வேதியியலோ பயிலும் மாணவருக்கு இது எதற்கு என்ற கேள்வி எழும். தன் துறையில் முரண்படும் இரு கூற்றுகளைச் சந்திக்காத மாணவர் இல்லை. தாய்மொழியில் அதனை எழுதிப் பழகும் இடம் அவருக்குப் பொதுத்தமிழ் வகுப்பு ஒன்றே. வகுப்பின் அளவு இதைவிடக் கடினமான தடை. அறுபது, எழுபது பேர் அமரும் வகுப்பில் இரண்டு பக்கக் கட்டுரையைத் திருத்தித் திருப்பி எழுதவைப்பது, பல பாடவேளைகளைச் சுமக்கும் கௌரவ விரிவுரையாளருக்குப் பெரும் பளு. ஆகவே பருவத்துக்கு ஒன்றே போதும். அகமதிப்பீட்டின் ஒப்படைவு இப்போது பெரும்பாலும் நூலைப் பார்த்து எழுதப்படும் தாள்களாக உள்ளது. அந்த இடத்தை இதற்குக் கொடுக்கலாம். பாடத்திட்டத்தை மாற்றாமலே தொடங்கத்தக்கது இது. முல்லைப்பாட்டு பாடமாக இல்லாத பருவத்தில் பரிமேலழகரும் மணக்குடவரும் வேறுபடும் ஒரு குறளைக் கொள்ளலாம். திருக்குறள் இடம்பெறாத பொதுத்தமிழ்ப் பாடத்திட்டம் அரிது.

மதிப்பிடும்போது, எந்தப் பக்கம் சாய்ந்தார் என்பதற்கு மதிப்பெண் இருத்தல் கூடாது. எதிர்த்தரப்பை நேர்மையாக எடுத்துரைத்தாரா, அடி எண் காட்டினாரா, துணிவுக்குக் காரணம் சொன்னாரா என்ற மூன்றையுமே பார்க்க வேண்டும். 'அறியமுடிகிறது' என்று முடியும் தொடர்களை அடிக்கோடிட்டு, 'யாரால்?' என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுக்கலாம்.