தோராவின் ஆசிரியர்: பிரித்தலும் காலங்கணித்தலும்

யூதர் தோரா என்றும் தமிழ்க் கிறித்தவர் பஞ்சாகமம் என்றும் வழங்கும் ஐந்து நூல்களையும் மோசே ஒருவரே இயற்றினார் என்பது நெடுங்கால மரபு. அம்மரபினுள்ளேயே ஐயமும் தோன்றிற்று. உபாகமத்தின் இறுதி அதிகாரம் மோசேயின் இறப்பையும் அடக்கத்தையும் கூறுகின்றது. தம் இறப்பைத் தாமே நிகழ்ந்து முடிந்ததாக எழுதுதல் யாங்ஙனம்? இறுதி எட்டு வசனங்களை யோசுவா எழுதினார் என ஒரு சாராரும், இறைவன் சொல்ல மோசேயே கண்ணீருடன் எழுதினார் என மற்றொரு சாராரும் கொண்டமையைத் தால்மூத் குறிக்கின்றது. 12-ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் இபுன் எஸ்ரா, மோசேக்குப் பிற்பட்டனவாகத் தோன்றும் சில தொடர்களைச் சுட்டி, அறிவுடையோர் இதனை உணர்ந்து வாய்வாளாதிருப்பர் என்னும் கருத்துப்பட எழுதிச் சென்றார். அவர் மறைத்ததை 1670-இல் ஸ்பினோசா வெளிப்பட உரைத்தார்.

மோசேயின் ஆசிரியத்துவத்தைக் காக்க முற்பட்ட ஒருவரே அதனைத் தகர்க்குங் கருவியைத் தந்தமை வியப்பிற்குரியது. பிரெஞ்சு மருத்துவராகிய அஸ்த்ருக் 1753-இல் தம் பெயர் குறியாது வெளியிட்ட நூலில், மோசே பழைய குறிப்பேடுகளைக் கொண்டு ஆதியாகமத்தைத் தொகுத்தார் என்றும், இறைவன் பெயர் வேறுபாட்டால் அவ்வேடுகளைப் பிரித்தறியலாம் என்றும் கூறினார். அவ்வேறுபாட்டை எபிரேயம் அறியாதாரும் காணலாம். தமிழ் விவிலியத்தில் முதல் அதிகாரம் முழுதும் 'தேவன்' என்றே வருகின்றது. இரண்டாம் அதிகாரத்தின் நான்காம் வசனம் முதலாகத் 'தேவனாகிய கர்த்தர்' என்பது வருகின்றது.

ஆயினும் பெயர் வேறுபாடு ஒன்றே சான்றாகாது. ஒரு தெய்வத்தை ஒரே பாடலிற் பல பெயராற் கூறுதல் நமக்குப் புதிதன்று. நம் இலக்கணநூலார் நூற்குற்றம் எனக் கொண்ட கூறியது கூறலும் மாறுகொளக் கூறலும் பெயர் வேறுபாட்டோடு ஒருங்கு வருமிடத்தே தான் வழக்கு வலிவுறுகின்றது. வெள்ளக்கதை அத்தகைய இடம். 'தேவன்' என வரும் ஆறாம் அதிகாரப் பகுதியில் ஒவ்வோர் உயிரினத்திலும் ஓர் இணையைப் பேழையில் ஏற்றுமாறு நோவாவுக்குக் கட்டளை பிறக்கின்றது. 'கர்த்தர்' பேசும் ஏழாம் அதிகாரத் தொடக்கத்திலோ, தூய விலங்குகளில் எவ்வேழு இணை வேண்டும் என்பது கட்டளை. ஓரிடத்தில் நாற்பது நாள் மழை. பிறிதோரிடத்தில் நூற்றைம்பது நாள் நீர்ப்பெருக்கு. எண்கள் மட்டும் மாறின் ஏடெழுதுவோர் பிழை என்று ஒதுக்கிவிடலாம். ஈண்டு எண்ணுக்குக் காரணமும் உண்டு. வெள்ளம் வடிந்தபின் நோவா கர்த்தருக்குப் பலியிடுகின்றார். ஓர் இணையே இருந்திருப்பின் அப்பலியோடு அவ்விலங்கினம் அற்றுப்போம். ஆதலின் ஏழிணை வேண்டப்பட்டது. குருமார் மரபினதாகக் கருதப்படும் மற்றைப் பகுதியோ, ஆரோனுக்கு முன்னர்ப் பலி நிகழ்ந்ததாகவே கூறுவதில்லை. அதற்கு ஓரிணை போதும். இவ்வாறு பிரித்தெடுத்த இரண்டும் பெரும்பாலும் தம்மளவில் முழுமையுற்று நிற்றல் காண்க.

எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்துக் கசூத்தோ இதனை ஏற்றிலர். இசுரவேலரின் தனித்தெய்வமாகக் கூறுமிடத்து ஒரு பெயரும், உலகுக்குப் பொதுவாகக் கூறுமிடத்துப் பிறிதொரு பெயரும் ஆசிரியர் வேண்டுமென்றே ஆண்டார் என்பது அவர் கொள்கை. நுட்பமான விளக்கமே; ஆயின் அது பெயருக்கு விடையாகுமளவு பலிக்கும் ஏழிணைக்கும் உள்ள தொடர்புக்கு விடையாகவில்லை. வென்காம் 1978-இல் வெள்ளக்கதை முன்பாதியும் பின்பாதியும் எதிரெதிர் நிற்கும் கட்டமைப்புடையது எனக் காட்டினார். அக்கட்டமைப்புத் தொகுத்தோன் கைவண்ணமாகவும் இருத்தல் கூடும் அன்றோ?

பிரித்தல் வேறு, காலங்கணித்தல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டமையாலேயே பூசல் பெருகிற்று. 1878-இல் வெல்ஹவுசன் நான்கு மூலங்களை நிரல்படுத்தி, குருமார் சட்டத்தை இறுதியில் வைத்தார். உயிர்த்துடிப்புள்ள பழஞ்சமயம் சடங்காய் இறுகிற்று என்னும் முற்கோள் அந்நிரலுக்குத் துணைநின்றது. யூத சமயத்தைத் தாழ்த்தும் நோக்கு இது எனச் செக்டர் 1903-இல் கடிந்தது காரணமற்றதன்று. எசெக்கியேல் காவுப்மன் மூலங்களை ஒப்புக்கொண்டே, குருமார் மூலத்தை உபாகமத்திற்கு முன்னதாக வைத்தார். 'கர்த்தர்' என்னும் பெயர் ஆளும் மூலத்தைப் பொன் ராத் சாலோமோன் காலத்தது, அஃதாவது கி.மு. 10-ஆம் நூற்றாண்டினது, என்றார். வான் சீற்றர்ஸ் 1975-இல் அதனைப் பாபிலோன் சிறைவாழ்வுக் காலமாகிய 6-ஆம் நூற்றாண்டிற்குக் கொணர்ந்தார். ஒரே பகுதிக்கு நானூறு ஆண்டு இடைவெளி! உபாகமத்தை யோசியாவின் கி.மு. 622-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தோடு இயைத்த தெ வெற்றேயின் 1805-ஆம் ஆண்டுக் கருத்தே இவற்றுள் ஓரளவு நிலைத்த நங்கூரம்.

1979-இல் எருசலேமருகே கெத்தேப் இன்னோமிற் கிடைத்த வெள்ளிச்சுருள்கள் எண்ணாகமத்துக் குருமார் ஆசியை ஒத்த வாசகம் உடையன; கி.மு. 600-ஐ ஒட்டியன என்பர். ஆசி அக்காலத்தே வழங்கியது என்பதற்கு அவை சான்று. நூல் முழுவதும் அன்றே உருப்பெற்றது என்பதற்குச் சான்றாகா. இருசாராரும் இவ்வெல்லையை மறந்து அவற்றை எடுத்தாளுகின்றனர்.

எஞ்சுவது தொகுத்தோனைப் பற்றிய வினா. முரணை அவன் அறியாதிருந்தான் எனல் பொருந்தாது. இரு வரலாறுகளும் முன்னரே மதிப்புப் பெற்றிருந்தமையின், எதனையும் விலக்கத் துணியாது இரண்டையும் பின்னினான் என்றே யாம் கருதுகின்றோம். இத்தகைய பின்னல் வெறுங் கற்பனையன்று. 2-ஆம் நூற்றாண்டில் தாத்தியன் நான்கு சுவிசேடங்களையும் ஒரே கதையாக இணைத்தார்; அந்நூல் சிரியத் திருச்சபைகளில் 5-ஆம் நூற்றாண்டு வரை வழங்கிற்று. நான்கு சுவிசேடங்களும் அழிந்து அவ்விணைப்பு மட்டும் எஞ்சியிருப்பின், அறிஞர் அதனையும் பிரிக்க முற்பட்டிருப்பர். பலவிடங்களில் உண்மை கண்டிருப்பர். சிலவிடங்களில் அரைவசனத்தின் பொருட்டுப் பூசலிட்டிருப்பர்.