எஸ்பெராண்டோவின் எழுத்தும் பன்மையும்

செயற்கை மொழிகளைப் பற்றி எழுதுவோர் எஸ்பெராண்டோவை வியந்து பாராட்டுவது வழக்கம். 1887இல் வார்சாவில் கண் மருத்துவர் லுட்விக் சமெனாஃப் வெளியிட்ட அம்மொழிக்கு, 1905இல் ‘ஃபுண்டமெண்டோ’ என்னும் நூல் மாற்றவொண்ணா அடிப்படையாக ஏற்கப்பட்டது. அதன் இலக்கணம் 16 விதிகளில் முடிந்துவிடுகிறது. ஸர்ஃபும் நஹ்வும் கற்பதில் ஆண்டுகள் பல கழித்தோருக்குச் சற்றே பொறாமையூட்டும் செய்திதான்! எனினும், எளிமை, பொதுமை எனும் தன் இரு வாக்குறுதிகளை அந்நூல் எவ்வளவு காத்தது என்பதை நாம் ஆராய்ந்தே ஏற்கவேண்டும்.

அதன்படி பெயர்ச்சொல் யாவும் ‘ஓ’வில் முடியும், பன்மைக்கு ‘ய்’ ஒலி சேரும். ‘லிப்ரோ’ என்றால் நூல், ‘லிப்ரோய்’ என்றால் நூல்கள். விதிவிலக்கு இல்லை. அரபியிலோ ‘கிதாப்’ உள்ளே உடைந்து ‘குதுப்’ ஆகிறது. ‘கலீஃபா’ ‘குலஃபா’ ஆகிறது. இந்த ஜம்உ முகஸ்ஸர் வடிவங்களைப் பெரும்பாலும் மனனம் செய்தே ஆகவேண்டும். ஆனால் அவ்வுடைவில் பொருளும் உண்டு. தவ்பா அத்தியாயத்தில் நான்கு மாதங்களைக் குறிக்குமிடத்து ‘அஷ்ஹுர்’ என்றும், பன்னிரண்டைக் குறிக்குமிடத்து ‘ஷுஹூர்’ என்றும் வருவதை நோக்குக. முன்னது சிறுதொகைப் பன்மை, பின்னது பெருந்தொகைப் பன்மை. எஸ்பெராண்டோவில் இரண்டும் ‘மொனாத்தோய்’தான். இதை நாம் குறையாகக் கொள்ளோம். தமிழும் இரண்டையும் ‘மாதங்கள்’ என்றே சொல்லி அமைகிறது.

எழுத்துமுறைக்கும் உரிய பாராட்டை மறுப்பதற்கில்லை. எழுதியவாறே படிக்கவேண்டும் என்பது 9ஆம் விதி. எழுத்துகள் 28, அவற்றுள் ஆறு, இலத்தீன் எழுத்தின் தலையில் குறியிட்டு ஆக்கப்பட்டவை. அரபு எழுத்துக்குப் புள்ளி கூட்டித் தமிழொலிகளை எழுதிய நம் அரபுத்தமிழ் முன்னோர் கையாண்ட உத்தியே இது. 1907இல் ‘இடோ’ எனப் பிரிந்துசென்ற சீர்திருத்தக்காரர்கள் பன்மையை ‘லிப்ரி’ என மாற்றியதோடு, தலைக்குறிகளையும் களைந்தனர். விளைவு, ஓர் ஒலிக்கு இரண்டு எழுத்துகளைச் சேர்த்தெழுத நேர்ந்தது. சமெனாஃபின் முறையே மேலானது என்பது நம் கருத்து.

நம் தடை வேறிடத்தில் இருக்கிறது. அந்த ஆறு எழுத்துகளுள் ஒன்று, தொண்டையில் உரசிப் பிறக்கும் ‘ஃகா’வுக்கென்றே அமைந்தது. கலீஃபா, ஷெய்க் ஆகிய சொற்களை எழுத அதைவிடப் பொருத்தமான எழுத்து எது? ஆயினும் அகராதியில் இருப்பவை ‘கலிஃபோ’வும் ‘ஷெய்கோ’வுமே, இரண்டிலும் நிற்பது ‘கிதாப்’பின் காஃபுக்குரிய எழுத்து. 1969இல் வெளிவந்த குர்ஆன் பெயர்ப்பின் தலைப்பிலுள்ள ‘கொரானோ’வுக்கும் அதே எழுத்துத்தான். அடிநாவில் பிறக்கும் காஃபுக்கு அம்மொழியில் எழுத்தே இல்லையாதலால் இதனைப் பொறுத்துக்கொள்ளலாம். இருக்கும் எழுத்தைப் பயன்படுத்தாமைக்கு என்ன சமாதானம்? அவ்வெழுத்துமே வழக்கில் தேய்ந்துவருகிறது. வேதியியலைக் குறித்த ‘ஃகெமியோ’ இன்று ‘கெமியோ’வாகிவிட்டது. (மூலமான அரபுச் சொல் ‘கீமியா’விலும் சிறிய காஃபே இருப்பது ஒரு வேடிக்கை.)

இதற்கெல்லாம் ஆதாரமாகக் காட்டப்படுவது 15ஆம் விதி. பெரும்பாலான மொழிகள் ஒரே மூலத்திலிருந்து பெற்ற அயற்சொற்கள், எழுத்துமுறை மட்டும் மாறி, எஸ்பெராண்டோவிலும் வழங்கும் என்கிறது அது. இங்கே ‘பெரும்பாலான மொழிகள்’ எவை? பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம் ஆகியவற்றில் ‘கலீஃபா’ ககரமாய் நிற்பது உண்மையே. பாரசீகத்தையும் உருதுவையும் மலாயையும் அக்கணக்கில் சேர்த்திருந்தால் ‘ஃகா’வே வந்திருக்கும், துருக்கியர்கூட ‘ஹலீஃபே’ என்கிறார்களேயன்றிக் ககரத்திற்குப் போகவில்லை.